தானியமில்லாப் பயிற்சித் தீனி: மிளகோடு இரண்டரை வருடம்

மிளகு எங்கள் வீட்டுக் கறுப்பு டேஷண்ட் நாய். எடை ஐந்தரை கிலோ. சேலம் அஸ்தம்பட்டிக்கு இரண்டு மாதக் குட்டியாக வந்து இரண்டரை வருடம் ஆகிறது. இத்தனை நாளில் பயிற்சிக்கென்று நான் வாங்கியது, செய்தது, தூக்கிப் போட்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கம்பெனிப் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் எனக்கு மிஞ்சிய லாபம். அது எந்தப் பாக்கெட்டுக்கும் பொருந்தும்.

முதலில் எல்லாரையும் போல எலும்பு வடிவக் கோதுமை பிஸ்கட்தான். வாசலுக்குப் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தால் ஒன்று என்று கணக்கு. அந்தப் பிஸ்கட் அவன் மூக்கு நீளத்துக்கு இருந்தது. வாங்கிய உடனே கட்டிலுக்கு அடியில் ஓடி, முன்னங்கால் இரண்டிலும் பிடித்துக்கொண்டு, கடித்து முடிக்க ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் எதற்குக் கொடுத்தோம் என்பது அவனுக்கும் மறந்துவிடும், எனக்கும் மறந்துவிடும். பயிற்சித் தீனி என்றால், சொன்னதைச் செய்த ஓரிரு நொடிக்குள் வாய்க்குள் போய், மெல்லாமலே இறங்கி, நாய் மறுபடி நம் முகத்தைப் பார்க்க வேண்டும். சின்ன நாய்க்குத் துவரம்பருப்பு அளவு போதும். இது புரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. உதிர்ந்த தூளுக்கு எறும்பு வந்தது தனிக்கதை.

நான்காவது மாதத்தில் காதைச் சொறியவும் பாதத்தை நக்கவும் ஆரம்பித்தான். கோதுமைதான் காரணம் என்று நானே தீர்ப்பெழுதி, கிரெயின் ஃப்ரீ, அதாவது தானியமில்லாத, சிக்கன் பாக்கெட்டுக்கு மாறினேன். 70 கிராம் 280 ரூபாய். அம்மாவுக்கு ஊர் ஆத்தூர் பக்கம், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்ட குடும்பம். பாக்கெட்டை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். படித்தேன்: சிக்கன், டேபியோகா ஸ்டார்ச், கிளிசரின்.

"டேபியோகான்னா?"

"குச்சிக்கிழங்கு மாவும்மா."

"சேகோ ஆலையில களம் களமா காயப்போடறதையா சாமி இந்த விலைக்கு வாங்கிட்டு வந்திருக்க?"

ஜவ்வரிசிக்குப் பேர் போன சேலத்தில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றாமல் போனதுதான் வெட்கம். தானியம் இல்லை என்றால் மாவு இல்லை என்று அர்த்தமில்லை. பிசைந்து வில்லை போட ஏதோ ஒரு மாவு வேண்டும். கோதுமை, அரிசி, மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மரவள்ளியோ உருளையோ பட்டாணியோ கொண்டைக்கடலையோ போடுகிறார்கள். மரவள்ளி மாவு கெடுதல் என்று சொல்லவில்லை. பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, தின்ற மாடு செத்துப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆலையில் அரைத்து, அலசி, காயவைக்கும்போது அது பெரும்பாலும் போய்விடும். ஆனால் மாவு மாவுதான், கலோரியும் குறையாது.

நாய் வளர்ப்பவர்கள் கூடும் இடத்தில் இன்னொரு பயமும் உலவுகிறது: கிரெயின் ஃப்ரீ என்றால் இதயம் கெடும் என்று. அதன் மூலம் இதுதான். பட்டாணி, பருப்பு வகை, உருளைக்கிழங்கு இவை முக்கியப் பொருளாக உள்ள நாய் உணவுக்கும் இதயத்தசை விரிந்து பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விசாரிப்பதாக 2018 ஜூலையில் அறிவித்தது. அதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. புதிதாக அறிவியல் தகவல் கிடைக்கும்வரை இதைப்பற்றி அறிவிப்பு வெளியிடப் போவதில்லை என்று 2022 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. பேச்சு தினசரி உணவைப் பற்றியது, நகக்கண் அளவுத் தீனியைப் பற்றியது இல்லை. இருந்தாலும், முதல் பெயரே பட்டாணியாக இருக்கும் பாக்கெட்டை நான் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன்.

சரி, சொறிக்கு வருகிறேன். மூன்று மாதம் அந்தப் பாக்கெட் கொடுத்தும் குறையவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "கோதுமைன்னு யார் சொன்னது உங்களுக்கு?" என்றார். எட்டு வாரத்துக்கு மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும், அவர் எழுதிக்கொடுத்த அளவில், அவர் கொடுத்த சத்துப்பொடியோடு. வேறு எதுவும் வாயில் படக்கூடாது, தீனி உட்பட. நம் வீட்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளி வந்தால் மிளகை மாடிக்கு அனுப்பிவிடுவோம். சொறி அடங்கியது. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு வாரம் சப்பாத்தித் துண்டு, ஒன்றும் ஆகவில்லை. கோழி கொடுத்த நாலாம் நாள் காது சிவந்துவிட்டது. கிரெயின் ஃப்ரீ என்ற கொட்டை எழுத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தவன், அதன் கீழேயே இருந்த கோழிப் படத்தைப் பார்க்கவில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத நாய்களும் உண்டு. ஆனால் மாட்டிறைச்சி, பால், கோழி இவையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன என்றார் டாக்டர்.

அப்படியானால் தானியமில்லாத் தீனியை ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? மிளகு கறிக்குத்தான் வேலை செய்கிறான், அவ்வளவுதான். சிக்கனை விட்டுவிட்டு மீன் பாக்கெட்டுக்குப் போனேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வயதில் எடை பார்த்தால் ஆறு கிலோ முந்நூறு கிராம். டேஷண்டுக்கு உடம்பு நீளம், கால் குட்டை. எடை ஏறினால் முதுகெலும்பு வட்டுக்குத்தான் ஆபத்து. அன்று ராத்திரிதான் பாக்கெட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டேன். ஒரு துண்டு 9 கலோரி. ஒரு நாளைக்கு இருபது துண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன், ஆக 180. அவனுக்கு நாள் முழுவதற்குமே சுமார் 350 போதும் என்றும், தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதாவது நாலு துண்டு. கத்தரியை எடுத்து ஒவ்வொன்றையும் எட்டாக வெட்ட ஆரம்பித்தேன். பசைபோல ஒட்டும் வகை என்பதால் கத்தரி கெட்டதுதான் மிச்சம்.

நடுவில் பொட்டுக்கடலை ஒரு முயற்சி. அதுவும் தானியமில்லைதானே. இரண்டு நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி ஏசி அறையில் மனிதர் இருக்க முடியவில்லை. கருவாட்டில் உப்பு, தேங்காயில் கொழுப்பு, இரண்டையும் தொடவில்லை.

இப்போது ஒன்றரை வருடமாக நிலைத்திருப்பது ஆட்டு நுரையீரல். கொழுப்புக் குறைவு, காய்ந்தால் ஸ்பாஞ்ச் போல லேசாகிவிடும், விரலால் ஒடித்தாலே துவரம்பருப்பாக உடையும். கறிக்கடையில் முழுசாக நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கிவந்து அரைமணி நேரம் வேகவைக்க வேண்டும். காற்று நிறைந்த சதை என்பதால் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். மேலே ஒரு தட்டை வைத்து அழுத்திவிடுவேன். ஆறியதும் மெல்லியதாக அரிந்து, ஓவனில் நூறு டிகிரியில் மூன்று மணி நேரம். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பட்டென்று ஒடிய வேண்டும். பச்சையாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஆட்டு நுரையீரலிலும் ஈரலிலும் நீர்க்கட்டி இருக்கலாம். அதைத் தின்ற நாய்க்குக் குடலில் நாடாப்புழு வரும், அதன் முட்டை நம் வயிற்றுக்குப் போனால் நமக்கே கட்டி. கட்டி கண்ணில் பட்டால் அந்தத் துண்டையே வாங்காதீர்கள். வேகும்போது வரும் வாடையைப் பற்றி மனைவியின் கருத்தை இங்கே எழுத முடியாது. ஞாயிறு மதியம் அவர் அம்மா வீட்டுக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் அடுப்பு பற்றவைப்பேன்.

காய்ந்தது பத்துக் கிராம் ஒரு நாளைக்கு. என் கணக்கில் அது முப்பத்தைந்து, நாற்பது கலோரி வரும். உடைத்தால் அறுபது துணுக்குக்கு மேல் தேறும். எடை பழையபடி ஐந்தரைக்கு வந்துவிட்டது.

உண்மையான பரீட்சை ஏற்காட்டில் நடந்தது. சேலம் பக்கமிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு, ஏழாவதிலேயே மிளகு வாந்தி எடுப்பான் என்பதால் மேலே போகும்வரை வெறும் வயிறு. ஏரிப் பக்கம் நடக்கும்போது ஒரு குரங்கு குட்டியோடு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தது. மிளகுக்கு முதுகு மயிர் நட்டுக்கொண்டது, கயிறு விண்ணென்று இழுத்தது. "மிளகு, வா" என்றேன். காதே அசையவில்லை. மீன் துண்டை நீட்டினேன், திரும்பவில்லை. சட்டைப்பையில் இருந்த நுரையீரல் டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்கினேன். அந்தச் சத்தத்துக்கு அப்படியே திரும்பி வந்து என் செருப்பின் மேல் உட்கார்ந்தான். குரங்கும் டப்பாவைப் பார்த்துவிட்டது என்பதால் நாங்கள் இருவரும் வேகமாக நடையைக் கட்டினோம்.

ஆனால் அதே பயணத்தில்தான் இதன் குறையும் தெரிந்தது. மூன்று நாள் பனிமூட்டத்தில் துண்டுகள் நமுத்து, கடைசி நாள் காலை ஓரத்தில் வெள்ளைப் பூசணம். மொத்தமும் குப்பைக்குப் போயிற்று. சேலத்து வெயிலில் கூட ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுகிறேன். மலைக்கு, ரயிலுக்கு, மழைக்காலத்துக்கு மீன் பாக்கெட் ஒன்று எப்போதும் கையிருப்பு. அதிலும் ஒருமுறை ஆன்லைனில் வந்தது காலாவதிக்கு ஒன்பது நாள் இருந்தது. திருப்பி அனுப்பினேன், பணம் வர ஒரு மாதம். காய்ந்த சர்க்கரைவள்ளி வீட்டுக்குள் "உட்கார்", "இரு" என்பதற்கு மட்டும். வெளியே அதற்கு மதிப்பில்லை.

கறிக்கடை பாய் இப்போதெல்லாம் என் தலையைப் பார்த்ததும் கேட்காமலே தனிப்பையில் எடுத்து வைத்துவிடுகிறார். தீபாவளி வாரம் மட்டும் கூட்டத்தில் கிடைப்பதில்லை. அப்போது மறுபடி கத்தரிதான்.