லீனியரா, எஸ்.எம்.பி.எஸ்.ஸா: சோதனை மேசைக்கு எந்த டிசி பவர் சப்ளை?

மின்னணுச் சுற்றுகளைச் சோதிப்பதற்காக 30 வோல்ட், 3 முதல் 5 ஆம்பியர் வரை தரும் டிசி பவர் சப்ளை ஒன்றை வாங்க முனைபவருக்கு இன்று இரண்டு வகைகள் கிடைக்கின்றன. கனத்த மின்மாற்றியும், வெளியீட்டு வழியில் தொடராக நின்று மிகுதி வோல்ட்டேஜைத் தாங்கும் சீரிஸ் டிரான்சிஸ்டர்களும் கொண்ட லீனியர் ஒன்று. 230 வோல்ட் ஏசியை நேரடியாக ஏறத்தாழ 325 வோல்ட் டிசியாக்கி, அதைப் பல்லாயிரம் ஹெர்ட்ஸ் வேகத்தில் வெட்டி, சிறிய ஃபெரைட் மின்மாற்றி வழியே இறக்கும் எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை) மற்றொன்று. இரட்டை வெளியீடு கொண்ட லீனியரை வாங்கிப் பயன்படுத்துகிறவன் நான். எனவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

எடை, விலை, அடைக்கும் இடம் ஆகியவற்றில் எஸ்.எம்.பி.எஸ். வெல்லும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. வெப்பத்திலும் அப்படியே. லீனியரின் உள்ளே 35 வோல்ட் இருக்கும்போது வெளியே 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுத்தால், சுற்றுக்குச் சேர்வது 15 வாட். ஹீட் சிங்கில் வெப்பமாக வீணாவது 90 வாட். இந்த விரயத்தைக் குறைக்கவே பல கருவிகளில் மின்மாற்றிச் சுருளின் இடையிடையே டேப்புகள் (கிளை இணைப்புகள்) எடுத்து, வெளியீட்டுக்கு ஏற்ப ரிலே மூலம் மாற்றுகிறார்கள். குமிழைத் திருப்பும்போது கேட்கும் ‘டக்’ ஓசை அதுதான், பழுதென்று அஞ்ச வேண்டியதில்லை. ரிப்பிளில், அதாவது டிசி வெளியீட்டின் மேல் எஞ்சி நிற்கும் சிற்றலையில், நிலைமை தலைகீழ்: நல்ல லீனியரில் அது ஒரு மில்லிவோல்ட்டை ஒட்டி நிற்கும், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பெரும்பாலும் பத்துக்கணக்கான மில்லிவோல்ட்டாக இருக்கும். நுண்ணிய ஒலிக்குறிகளைப் பெருக்கும் ஆடியோ ப்ரீஆம்ப் செய்பவருக்கு இது பெரிய வேறுபாடு, மோட்டாரும் எல்.இ.டி.யும் ஓட்டுபவருக்குக் கண்ணிலேயே படாது.

இணைக்கும் முறை இரண்டுக்கும் பொது. சிவப்பு பாசிட்டிவ், கருப்பு நெகட்டிவ், பச்சை கருவிப் பெட்டியின் எர்த். பச்சையை நெகட்டிவாகக் கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் குழப்பம். வெளியீடு எர்த்தோடு சேராமல் மிதப்பதால்தான் இரண்டு சேனல்களில் ஒன்றின் நெகட்டிவையும் மற்றதன் பாசிட்டிவையும் சேர்த்துப் பொதுமுனையாக வைத்து, ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கி ஐ.சி.க்கு வேண்டிய ±15 வோல்ட்டைப் பெற முடிகிறது. ஆனால் மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது என்பதை மறந்து அதைக் கண்ட இடத்தில் மாட்டக் கூடாது. கம்பியின் தடிமனையும் பார்க்க வேண்டும்: 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் போய்த் திரும்பும்போது 5 ஆம்பியரில் சுமார் 0.23 வோல்ட்டைத் தின்றுவிடும். கரண்ட் லிமிட்டை (மின்னோட்ட உச்சவரம்பை) முதலில் அமைத்துவிட்டேன் என்ற துணிவில், 30 வோல்ட்டில் இருக்கும் முனைகளில் எல்.இ.டி.யைத் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம். வெளியீட்டுக் கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் ஆற்றல், லிமிட் விழித்துக்கொள்வதற்குள் எல்.இ.டி.யை முடித்துவிடும். பூஜ்ஜியத்தில் இணைத்து, மெல்ல ஏற்றுவதே முறை.

இணைப்பில் வகைகள் பிரியும் இடம் எர்த். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்வழியில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் போடப்பட்டிருக்கும். சுவர் சாக்கெட்டில் எர்த் துளை இருந்தும் பின்னால் எர்த் கம்பி இல்லாத வீடுகளில், அந்தப் பெட்டி 230 வோல்ட்டின் பாதியை ஒட்டி மிதக்கும். தொட்டால் விரலில் குறுகுறுக்கும். கசியும் மின்னோட்டம் சிறிதே என்றாலும், நுண்ணிய ஐ.சி.க்களுக்கு அது நல்லதன்று. லீனியரில் இத்தொல்லை மிகக் குறைவு. அதற்காக அதற்கு எர்த் வேண்டாம் என்று கொள்ளக் கூடாது. உலோகப் பெட்டி எதுவாயினும் எர்த் கட்டாயம்.

என் தேர்வை முடிவு செய்தது இவற்றில் எதுவுமன்று, பழுதுபார்ப்புதான். லீனியரில் கெடுபவை பெரும்பாலும் சில பொருள்களே: வறண்டுபோகும் ஃபில்ட்டர் கெப்பாசிட்டர், தேய்ந்த பொட்டன்ஷியோமீட்டர், கருகிய ரிலே முனை, ஷார்ட் ஆகும் சீரிஸ் டிரான்சிஸ்டர். 2என்3055 போன்ற டிரான்சிஸ்டரும் எல்.எம்.324 போன்ற ஐ.சி.யும் சென்னை ரிச்சி தெருவில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். மின்மாற்றியே எரிந்தாலும், காயில் கட்டும் கடைகளில் மறுபடி சுற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். மின்மாற்றிக்குப் பிறகு இருப்பதெல்லாம் தாழ்ந்த வோல்ட்டேஜ் என்பதால், ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும் உள்ளவர் அச்சமின்றிக் கைவைக்கலாம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின்சாரத்தை வெட்டும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட் ஒன்று ஷார்ட் ஆனால், அது தனியாகப் போவதில்லை. ஃபியூஸ், மின்னோட்டத்தை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டர், பல சமயம் கட்டுப்பாட்டு ஐ.சி. எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றி ஆன் செய்தால் புதியதும் போய்விடும் என்பதால்தான், பழகியவர்கள் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த உள்வரும் மின்வழியில் சீரிஸ் பல்பு (தொடராக ஒரு குண்டு பல்பு) வைத்துச் சோதிக்கிறார்கள். சுவிட்சை அணைத்த பிறகும் முதன்மைக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் சிறிது நேரம் தங்கியிருக்கும். மலிவான கருவிகளில் ஐ.சி.யின் எண்ணைச் சுரண்டிவிட்டிருந்தால் மாற்றுப் பொருள் தேடவும் வழியில்லை. முழு போர்டை மாற்றச் சொல்வார்கள், அந்த போர்டோ அதற்குள் சந்தையை விட்டுப் போயிருக்கும்.

லீனியருக்கு எதிராக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதன் சீரிஸ் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்போது உள்ளே இருக்கும் முழு வோல்ட்டேஜும் வெளியீட்டில் வந்து, இணைத்திருக்கும் சுற்றைப் பொசுக்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மாஸ்ஃபெட் போனால் பெரும்பாலும் வெளியீடு நின்றுபோகும், அவ்வளவே. விலை மிகுந்த சுற்றைச் சோதிப்பவர் மிகை வோல்ட்டேஜ் காப்பு உள்ள லீனியரையே தேட வேண்டும்.

10 ஆம்பியருக்கு மேற்பட்ட வேலையில் எனக்குப் பழக்கம் குறைவு. இருப்பினும் 60 வோல்ட், 10 ஆம்பியர் என்று கேட்பவருக்கு லீனியரை நான் பரிந்துரைக்க மாட்டேன்; 600 வாட் லீனியரைத் தூக்கி வைக்கவே இன்னொருவர் துணை வேண்டும்.

பழைய லீனியர் வாங்குவோர் மூன்றைச் சோதித்தால் போதும். குமிழைக் கடைசிவரை மெல்லத் திருப்பி, மீட்டர் எண் எங்கும் துள்ளாமல் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். தாழ்ந்த வோல்ட்டேஜில் முழு ஆம்பியரை அரைமணி நேரம் எடுத்து வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். 5 வோல்ட்டில் நிறுத்தி, சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டு, அந்த நொடியில் வெளியீடு 5-ஐத் தாண்டி எழும்புகிறதா என்று ஆசிலாஸ்கோப்பில் காண வேண்டும். எழும்பினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.