கண்ணாடியில் தெரிந்த டிராகுலா: பொருட்காட்சிப் பேய் வீடு பற்றி

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கோடை விடுமுறைக்காகப் போடப்பட்ட பொருட்காட்சியில், டெல்லி அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே இருந்த பேய் வீட்டுக்குத் தலைக்கு 80 ரூபாய் கொடுத்து அக்கா மகனுடன் சென்றேன். இருட்டும் ஒலியும் காலடியில் மெத்தென்று அமுங்கும் தரையும் நன்றாகவே அமைந்திருந்தன. குறையெல்லாம் பேய்களிடம்தான்.

முதல் அறையில் சவப்பெட்டியிலிருந்து எழுந்த டிராகுலா அலறியபோது, பின்னால் இருந்த நிலைக்கண்ணாடியில் அவருடைய முதுகும், மேலங்கியில் குத்தியிருந்த ஊக்கும் பளிச்சென்று தெரிந்தன. பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட நாவலில் டிராகுலா பிரபுவின் உருவம் கண்ணாடியில் விழாது. முகம் மழித்துக்கொண்டிருக்கும் விருந்தாளி, தோளில் ஒரு கை படுவதை உணர்ந்தும் கண்ணாடியில் யாரையும் காணாமல் திகைக்கும் இடத்தில்தான் நமக்கும் முதன்முதலாக உள்ளூரக் குளிர்கிறது. வீட்டிலுள்ளவர் ஒருவர் முதலில் அழைக்காமல் டிராகுலாவால் உள்ளே நுழையவும் முடியாது. அப்படி மரியாதையாகக் காத்திருக்க வேண்டியவரை ஏலக்காரரைப் போலக் கத்தவிட்டிருக்கிறார்கள்.

அடுத்த அறையில் ஜாம்பி வேடமிட்ட நான்கு இளைஞர்கள் உறுமிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஜாம்பி ஓடலாமா, தள்ளாடத்தான் வேண்டுமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் அதற்குக் கோபம் வரக் கூடாது. கரீபியன் கடல் நாடான ஹைட்டியின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட அடிமைகளின் அச்சம் படிந்த பழைய நம்பிக்கையின்படி, செத்த பிறகும் விடுதலையின்றி, தன் விருப்பம் என்று எதுவும் இல்லாமல், மந்திரவாதிக்காக உழைத்துக்கொண்டே இருக்கும் உடல்தான் ஜாம்பி. மனித மாமிசம் தின்னும் கூட்டமாக அது பரவலானது 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்துக்குப் பிறகுதான். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி, அதே கரீபியன் கடலின் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பழைய ஜாம்பியே நெருக்கமானது.

வெளியேறும் வழியில், ஓடிக் களைத்த ஜாம்பி ஒருவர், அடுத்த கூட்டம் வருவதற்குள் கிடைத்த இடைவெளியில் தகரத்தில் சாய்ந்து, எதையும் பார்க்காத கண்களுடன் அசையாமல் நின்றிருந்தார். அக்கா மகன் என் கையை இறுகப் பற்றியது அந்த ஓரிடத்தில்தான்.

போக விரும்புவோர் மாலை 6 மணிக்கே போய்விடுவது நல்லது. 7 மணிக்கு மேல் வரிசை ராட்டினத்தைத் தாண்டி நீள்கிறது.