ஸ்கிபோல் விமான நிலையத்தில் "டாக்ஸி வேண்டுமா?" என்று வருபவர் பின்னால் போகாதீர்கள்

ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள், முக்கியமாக வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து எங்கள் ஓட்டலுக்குக் கொண்டுபோய் விட்டதற்கு எங்களிடம் 240 யூரோ பிடுங்கிவிட்டார்கள். நம் கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல். ஒழுங்கான டாக்ஸியில் வந்திருந்தால் 50, 60 யூரோதான் ஆகியிருக்கும் என்று ஓட்டல் ரிசப்ஷனில் இருந்த பெண் சொன்னார்.

நான், கணவர், அப்பா, அம்மா என்று நான்கு பேர். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து ரயிலுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒருவர் பக்கத்தில் வந்தார். நல்ல கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாதிரி ஒன்று. "ரயிலுக்கா? இன்று தண்டவாள வேலை, ஊருக்குள் ரயில் போகவில்லை" என்று சொல்லிக் கைபேசியைக் காட்டினார். டச்சு மொழியில் ஏதோ சிவப்பு எழுத்து ஓடியது. நெதர்லாந்தில் வார இறுதிகளில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்துவது நிஜமாகவே நடக்கிறது. அதனால்தான் இந்தப் பொய் இவ்வளவு சுலபமாக எடுபடுகிறது. நிஜமாக நிறுத்தினால் ஸ்டேஷன் திரைகளிலும் என்.எஸ். ரயில்வேயின் ஆப்பிலும் போட்டிருப்பார்கள், மாற்றுப் பேருந்தும் விடுவார்கள். அன்று அப்படி எதுவும் இல்லை, ரயில்கள் வழக்கம்போல ஓடின என்பது அப்புறம்தான் தெரிந்தது.

எவ்வளவு என்று கேட்டதற்கு "சிக்ஸ்டி" என்றார். வேறு வார்த்தை இல்லை. வாசலில் டாக்ஸிகள் வரிசையாக நின்றன. அதைத் தாண்டி கார் பார்க்கிங்குக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒரு கறுப்பு வேனில் ஏற்றினார். உள்ளே மீட்டரும் இல்லை, கட்டண அட்டையும் இல்லை.

ஓட்டல் வாசலில் பெட்டிகளை முழுதாக இறக்கும் முன்பே கார்டு மெஷினை நீட்டினார். அவர் கட்டைவிரல் திரையின் மேல்பாதியை மறைத்திருந்தது. பின் நம்பர் கேட்கிற வரி மட்டும்தான் தெரிந்தது. கணவர் எண்ணைப் போட்ட கொஞ்ச நேரத்தில் வங்கியிலிருந்து மெசேஜ் வந்தது. கேட்டால், "ஒருவருக்கு அறுபது, நீங்கள் நான்கு பேர்" என்கிறார் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். அப்பா கொதித்துப்போய் போலீஸைக் கூப்பிடச் சொன்னார். ஆனால் இரண்டு பெட்டிகள் இன்னும் வேனுக்குள் இருந்தன, அதில் ஒன்றில்தான் அப்பாவின் மாத்திரைகள். பெட்டிகளை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. கையில் மிஞ்சியது தொகையும் நேரமும் மட்டும் அச்சான ஒரு துண்டுச் சீட்டு. கம்பெனி பெயர் கிடையாது. பின் நம்பர் போட்டு நடந்த பரிவர்த்தனை, திருப்பித் தர வழியில்லை என்று வங்கி கையை விரித்துவிட்டது.

நெதர்லாந்தில் டாக்ஸிக்கு அதிகபட்சக் கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. கட்டணம் வண்டிக்குத்தான், தலைக்கு இவ்வளவு என்பதே இல்லை. (நான்கு பேருக்கு மேல் ஏறுகிற வேன்களுக்குக் கட்டணம் கொஞ்சம் அதிகம், அதுவும் வண்டிக்குத்தான்.) உரிமம் பெற்ற டாக்ஸிக்கு நம்பர் பிளேட் நீல நிறத்தில் இருக்கும். சாதாரணக் கார்களுக்கு மஞ்சள். எங்களை ஏற்றிய வேனில் இருந்தது மஞ்சள் பிளேட். டாக்ஸிதான் வேண்டுமென்றால் வெளியே இருக்கிற அதிகாரபூர்வ வரிசையில் போய் ஏறுங்கள். உள்ளே வந்து கூப்பிடுகிற யாராக இருந்தாலும் வேண்டாம்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்கிபோலில் ரயில் நிலையம் விமான நிலையத்துக்கு நேர் கீழேயே இருக்கிறது. லிஃப்டில் இறங்கினால் பிளாட்பாரம். ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, ஆளுக்குச் சுமார் 5, 6 யூரோ. இரவிலும் மணிக்கு ஒரு ரயிலாவது உண்டு. எங்கள் ஓட்டல் ஊர் நடுவில் லைட்ஸப்ளைன் என்ற சதுக்கத்தின் பக்கம். 397 என்ற பேருந்து விமான நிலைய வாசலில் கிளம்பி மியூசியம்ப்ளைன் வழியாக லைட்ஸப்ளைனுக்கே வருகிறது. அம்மாவின் முழங்காலுக்கு அதைவிட வசதியான வழி கிடையாது.

ஊருக்குள் சுற்ற டிராம், மெட்ரோ, பேருந்து எல்லாம் தாராளம். விசா, மாஸ்டர் கார்டு இருந்தால் டிக்கெட் வாங்கவே வேண்டாம்: ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை மெஷினில் அதே கார்டைத் தட்டினால் போதும். ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும். இறங்கும்போது தட்ட மறந்தால் டிராமுக்கு 4 யூரோ, ரயிலுக்கு 20 யூரோ பிடித்துவிடுவார்கள். டிராமில் ரொக்கம் வாங்குவதில்லை. ஒருநாள் டிக்கெட் வாங்குகிறவர்கள் கவனிக்க: ஊருக்குள் டிராம், மெட்ரோ ஓட்டுகிற ஜி.வி.பி. நிறுவனத்தின் ஒருநாள் டிக்கெட் விமான நிலைய ரயிலில் செல்லாது. "என் டிக்கெட்டில் இன்னும் நேரம் இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று சென்ட்ரல் ஸ்டேஷனில் அம்மாவிடம் ஒருவர் வந்தார். அது காலாவதியாகிவிட்டதா என்று நம்மால் பார்த்துச் சொல்ல முடியாது. வாங்காதீர்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் நீர்ப்பரப்பைக் கடக்கிற படகு முழுக்க இலவசம், அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே இப்படி மாட்டியவர்கள் நம்பர் பிளேட்டின் படம், ரசீது, நேரம் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸி புகார்களுக்கென்றே அங்கே தேசிய அளவில் ஒரு மையம் இருக்கிறது. இன்னும் கிளம்பாதவர்கள் வங்கி ஆப்பில் ஒவ்வொருவர் கார்டுக்கும் வெளிநாட்டுப் பயன்பாடு, கான்டாக்ட்லெஸ் இரண்டையும் ஊரிலேயே ஆன் செய்துவிடுங்கள். அங்கே போன பிறகு செய்யலாம் என்றால் ஓ.டி.பி. வர நம்மூர் சிம் வேலை செய்ய வேண்டும்.