ஒரு லட்சம் ரேடியன் பயணம்: கருந்துளைக் கணக்குக்கு எந்த வழி?

பத்துச் சூரிய நிறை கொண்ட சிறு கருந்துளை ஒன்று, பத்து லட்சம் சூரிய நிறை கொண்ட பெரியதைச் சுற்றிச் சுற்றி உள்ளே இறங்குகிறது. விழுவதற்குள் பத்தாயிரக்கணக்கான சுற்று. 2035-இல் ஏவத் திட்டமிட்டிருக்கும் லிசா விண்கலங்கள் தேடப்போகும் ஈர்ப்பலைகளில், அதாவது காலவெளியில் பரவும் சிற்றலைகளில், இந்த வகையும் உண்டு. அலையின் வடிவம் முன்கூட்டியே தெரிந்தால்தான் இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க முடியும். அதைக் கணக்கிட யாரிடம் போவது?

நியூட்டன் விதியில் தொடங்கித் திருத்தத்தின் மேல் திருத்தமாகச் சேர்த்துக்கொண்டே போவது பழைய வழி. 1974-இல் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த இரட்டைப் பல்சாருக்கு (துடிக்கும் நட்சத்திரம் ஒன்று துணையோடு சுற்றும் ஜோடி) அது தாராளம். இங்கேயோ, சுழலாத கருந்துளையின் கடைசி நிலையான வட்டப்பாதையில் வேகம் ஒளியில் சுமார் 40 சதவீதம். அடுத்தடுத்த திருத்தங்கள் சீக்கிரம் சிறுத்துப்போவதில்லை. ஓரங்கட்டிவிடலாம்.

ஐன்ஸ்டைன் சமன்பாடுகளை அப்படியே கணினியில் ஏற்றுவது இரண்டாவது. 2005-இல் இயற்பியலாளர் பிரிட்டோரியஸ் வழி திறந்தார். நிறை ஏறக்குறைய சமமாக இருந்தால் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நம் சிறு கருந்துளையின் ஆரம் வெறும் 30 கிலோமீட்டர். ஒளி அதைக் கடக்கப் பத்தாயிரத்தில் ஒரு நொடி. கணினி ஒரு தடவைக்கு முன்நகரும் காலப்படி அதற்கும் கீழே இருக்கவேண்டும் என்றால், ஓர் ஆண்டைக் கடக்கவே முப்பதாயிரம் கோடிப் படிகளுக்கு மேல்! 2020-இல் 1:128 நிறை விகிதம் வரை செய்துகாட்டினார்கள், அதுவும் கடைசிச் சில சுற்றுகள்தான். நமக்கு வேண்டியது 1:1,00,000.

மிஞ்சுவது தன்விசை: சிறியதன் நிறைக்கும் பெரியதன் நிறைக்கும் உள்ள சிறு விகிதத்தின் படிகளில் திருத்தங்களை விரிக்கும் வழி. கோயில் குளத்தில் விட்ட காகிதக் கப்பல் எழுப்பும் அலை, படிக்கட்டில் மோதித் திரும்பி அதே கப்பலைத் தள்ளுகிறது அல்லவா? சிறு பொருள் காலவெளியில் எழுப்பும் கலக்கமும் பெரியதன் வளைவில் சிதறி அதன்மீதே வந்து விழுகிறது. தலைவலி என்னவென்றால், பொருள் இருக்கும் இடத்தில் அதன் சொந்தப் புலம் முடிவிலி. அதில் எதைக் கழித்தால் உண்மையான தள்ளல் மிஞ்சும் என்பதை 1997-இல் ஜப்பானில் மினோ, சசாகி, தனாகா ஒரு பக்கமும், க்வின், வால்ட் மறுபக்கமுமாகத் தீர்த்தார்கள்.

அப்புறமும் சும்மா இருக்க முடியவில்லை. மொத்தக் கட்டம், அதாவது சுற்றிய கோணத்தின் கூட்டுத்தொகை, ஒரு லட்சம் ரேடியன் அளவுக்குப் போகிறது (ஒரு முழுச் சுற்று சுமார் 6.28 ரேடியன்). ஆற்றல் இழப்பை முதல் படியோடு நிறுத்தினால் ஓரிரு ரேடியன் பிசகும். லட்சத்தில் ஒன்றிரண்டுதானே என்று விட முடியாது: அலையின் மேடு பள்ளத்தோடு போய் முட்டும். இரண்டாம் படிக் கணக்கு கட்டாயம். அப்படிக் கிடைத்த அலைவடிவங்கள் 2023-இல் அச்சேறின. வேடிக்கை என்னவென்றால், சிறு விகிதத்துக்கென்று செய்த அந்தக் கணக்கு 1:10-இலும் கணினி முடிவோடு அழகாக ஒட்டியது. ஆனால் அது சுழலாத கருந்துளை, வட்டப்பாதைக்கு மட்டும். இயற்கையில் கருந்துளைகள் சுழலும், பாதையும் நீள்வட்டம்.

சரி, பிடியில் சிக்காமல் வளைந்து தப்பியோடும் பொருளுக்கு? அங்கே தன்விசை கொஞ்சம் திணறும். திரும்பத் திரும்ப வரும் சுற்று இல்லாததால், அதிர்வெண்களைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டும் வசதி போய்விடுகிறது. தொலைவில் கடந்துபோகிறது என்றால், நிறை விகிதத்துக்குப் பதிலாக நியூட்டனின் ஈர்ப்பு மாறிலியின் படிகளில் விரிக்கும் முறைதான் கைகொடுக்கும். வேகம் எவ்வளவானாலும் கவலையில்லை. நெருங்கி உரசிப்போனால் அதுவும் தடுமாறும். 2025-இல் இம்முறையில் சிதறல் கோணத்தை (பாதை எவ்வளவு திரும்புகிறது என்பதை) ஐந்தாம் படிவரை கொண்டுபோன குழு, போட்டியாளரான தன்விசையின் கையிலிருந்த நிறை விகித விரிவையே இரவல் வாங்கி, அதன் முதல் படிவரை கணக்கை முடித்தது.