சிலிண்டரா, குழாய் எரிவாயுவா?

காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கும் உறவினர்கள் கேட்பது இதைத்தான்: "குழாய் வாயு வரும்வரை பொறுக்கலாமா?"

கையாளுதல்: சிலிண்டரில் வாயு 14.2 கிலோ, இரும்பும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 30. முகப்பிலிருந்து அடுப்படிக் கட்டு வரை உருட்டிப் பாருங்கள், ஆத்தங்குடிக் கல்லில் விழும் கீறல் சொல்லும். குழாயில் அந்தப் பாடு இல்லை. ஆனால் நூறு வயதுச் சுவரில் துளை போட வேண்டும்.

கசிவு: சிலிண்டர் வாயு தரையில் படியும். குழாய் வாயு காற்றைவிட லேசானது, மேலே போய்விடும்; முற்றம் வைத்த வீட்டுக்கு அது நல்லது.

கட்டணம்: சிலிண்டருக்கு முன்பணம், குழாய்க்கு எரித்த பிறகு.

நாட்டுக் கணக்கு: சிலிண்டர் வாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி, குழாயில் வரும் இயற்கை எரிவாயுவிலும் ஏறத்தாழப் பாதி அப்படித்தான். இயற்கை எரிவாயுவைத் திரவமாக இறக்க 2019-இல் திறந்த எண்ணூர் முனையத்துக்கும் கப்பல் வந்தாக வேண்டும். குழாய் பதித்தாலே தன்னிறைவு என்ற மேடைப் பேச்சை நான் நம்பவில்லை. இங்கேயே தோண்டலாமே என்றால், ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் 2017-இல் போராடிச் சொன்ன பதில் நினைவிருக்கிறது.

ஊரிலேயே இருந்து தினமும் உலை வைப்பவர்களுக்குக் குழாய். கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் பூட்டைத் திறப்பவர்களுக்குச் சிலிண்டரே போதும். கொல்லையில் பணியாரச் சட்டி வைக்கும் இடத்துக்குக் குழாய் நகர்ந்து வராது.