மலையகத்து ஈரத்தில் விரல் ரேகை: பொடியா, கரைசலா, ஆவியா?

மஸ்கெலியாவிலோ நோர்வூட்டிலோ ஒரு கடை இரவில் உடைக்கப்பட்டால், பொலிஸார் தூரிகையும் கரும்பொடியுமாக வந்து விரல் ரேகையை எடுத்துச் செல்வார்கள் என்றுதான் மக்கள் எதிர்பார்க்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத ரேகையைத் துலக்கும் வழிகள் பல. பொடி அவற்றுள் பழையது, மலிவானது, எங்கும் எடுத்துச் செல்லக்கூடியது. ஆயினும் மழையும் மூடுபனியும் மிகுந்த ஊர்களில் அதையே முதலில் கையிலெடுப்பது பல வேளைகளில் தவறாக முடியும் என்பது என் கருத்து. அதற்கான காரணம் ரேகை எதனால் ஆனது என்பதிலேயே இருக்கிறது.

விரல் நுனியின் மேட்டுக்கோடுகளில் வியர்வைத் துளைகள் உள்ளன. ஒரு பொருளைத் தொடும்போது அந்த வியர்வையும், முகத்தையோ தலைமயிரையோ தொட்டதால் விரலில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பசையும் கோடுகளின் வடிவிலேயே அதில் பதிகின்றன. வியர்வையின் பெரும்பகுதி நீர். அது ஆவியான பின் உப்பும் அமினோ அமிலங்களும் எஞ்சும். மழைநீர் பட்டால் இவ்விரண்டும் கரைந்துவிடும், கொழுப்பு மட்டும் கரையாமல் நிற்கும். ஆகவே ஒரு வழி இவற்றுள் எதைப் பற்றிக்கொள்கிறது என்று தெரிந்தால், அது மழைக்குப் பின்னும் பயன்படுமா என்பதும் தெரிந்துவிடும்.

பொடி, ரேகையில் எஞ்சியுள்ள ஈரப்பசையிலும் எண்ணெயிலும் ஒட்டுகிறது. கண்ணாடி, வண்ணம் பூசிய கதவு, பீங்கான் கோப்பை போன்ற வழுவழுப்பான பரப்பு உலர்ந்திருந்து, ரேகையும் புதிதாக இருந்தால், பொடிக்கு நிகரான வேகம் வேறெதற்கும் இல்லை. அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஒட்டுநாடாவால் பெயர்த்து, சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடலாம். ஜூலை மாதத்தில் உலர்காற்று வீசும் பண்டாரவளையில் இது பெரும்பாலும் பொருந்தும். அதே ஜூலையில் தென்மேற்குப் பருவமழையில் நனையும் மஸ்கெலியாவில் ஈரமான கண்ணாடிமீது பொடியைத் தூவினால், அது கோட்டில் மட்டுமன்றிக் கோடுகளுக்கு இடையிலும் அப்பிக்கொள்ளும். தூரிகை இழுக்கும்போது ரேகையே குழைந்து அழியும். பொடிதான் வேண்டுமென்றால் பொருளைச் சாதாரண அறை வெப்பத்தில் தானாக உலரவிட வேண்டும். அடுப்பருகே வைத்துச் சூடேற்றுவது ரேகைக்குக் கேடு.

காத்திருக்க முடியாதபோது நுண்துகள் கரைசல் கைகொடுக்கும். மொலிப்டினம் டைசல்பைட்டுத் துகள்களைச் சவர்க்காரம் கலந்த நீரில் மிதக்கவிட்டுப் பரப்பின்மீது தெளித்தால், துகள்கள் கொழுப்பில் ஒட்டிச் சாம்பல் நிறக் கோடுகளாக எழும். மிச்சத்தை நீரால் மெதுவாகக் கழுவிவிடலாம். மழையில் நின்ற முச்சக்கர வண்டி, பனி படிந்த தகரக் கதவு, ஓடையில் வீசப்பட்ட போத்தல் போன்றவற்றுக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன். பொடியைவிட இதில் கோடுகள் சற்று மங்கலாகத் தெரியலாம், சுற்றுப்புறமும் அழுக்காகும். ஆனால் பொடி முற்றாகத் தோற்கும் இடத்தில் வெல்லும் வழியை இக்குறைகளுக்காக ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாவது வழி சுப்பர் குளூ ஆவி. 1970களின் பிற்பகுதியில் ஜப்பானியப் பொலிஸார் கையாளத் தொடங்கிய இம்முறையில், சயனோஅக்ரிலேட் பசையைச் சூடாக்கி மூடிய பெட்டிக்குள் ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி ரேகையின்மீது இறுகி வெண்ணிறக் கோடாகிறது. அவ்வாறு இறுகிய ரேகை எளிதில் அழியாது என்பதால், அதன்மேல் பின்னர் சாயமோ பொடியோ இடலாம். பிளாஸ்டிக் பைக்கும் கத்திப் பிடிக்கும் இதைவிட நல்ல வழியை நான் அறியேன். இங்கே ஈரத்தின் பங்கு தலைகீழாகிறது: பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 80 சதவீதம் இருந்தால்தான் கோடுகள் நன்கு உருவாகும். அதற்காக நுவரெலியாவின் மூடுபனியே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. காற்றில் ஈரம் வேண்டும், பொருளின்மீது நீர் இருக்கக் கூடாது. பொருளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பதும் பெட்டியின் செலவும் இதன் குறைகள்.

காகிதம் என்றால் கணக்கு வேறு. கடன் கொப்பியிலும் கடித உறையிலும் வியர்வை உள்ளே ஊறிவிடுவதால், அமினோ அமிலங்களோடு சேர்ந்து ஊதா நிறம் தரும் நின்ஹைட்ரினே முதல் தெரிவு. அந்த நிறமாற்றம் 1910இல் கண்டறியப்பட்டது. அதைக் கொண்டு ரேகையைத் துலக்கலாம் என்று 1954இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினர். பல ஆண்டு பழைய ரேகையைக்கூட இது எழுப்பும். ஆனால் கூரை ஒழுகி ஒருமுறை நனைந்த காகிதத்தில் அமினோ அமிலம் கலைந்துவிடும். நனையாவிட்டாலும் நீண்ட நாள் ஈரக்காற்றில் கிடந்த தாளில் அது மெல்லப் பரவிக் கோடுகளை மங்கச் செய்யும். நனைந்த தாளுக்கு உரியது, கரையாத கொழுப்புப் பகுதியில் வெள்ளியைப் படியவைக்கும் வெள்ளிக் கரைசல் முறை. அது மற்ற எச்சங்களை அழித்துவிடுவதால், உலர்ந்த தாளில் நின்ஹைட்ரினை முடித்த பின்பே அதைத் தொட வேண்டும். இந்த வரிசையைக் குலைப்பவர் நின்ஹைட்ரின் தரும் வாய்ப்பை இழக்கிறார்.

எந்த வழியில் துலக்கினாலும் ஆளை அடையாளம் காண்பது அடுத்த கட்டம். கண்ணி, சுழி, வில் என்னும் மூன்று வடிவங்களுள் கண்ணி ஏறத்தாழ 60 முதல் 65 சதவீதமும், சுழி 30 முதல் 35 சதவீதமும், வில் 5 சதவீதமும் காணப்படுவதால், வடிவம் ஒத்திருப்பது மட்டும் எதையும் நிறுவாது. கோடு முடியும் இடம், இரண்டாகப் பிரியும் இடம் போன்ற நுட்பக் கூறுகள் அதே அமைவில் பொருந்த வேண்டும். எத்தனை கூறுகள் பொருந்த வேண்டும் என்பதில் நாடுகள் உடன்படவில்லை. இங்கிலாந்து தன் 16 கூறு விதியை 2001இல் கைவிட்டது. 2004இல் மட்ரிட் குண்டுவெடிப்பு விசாரணையில் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்த ரேகையை எஃப்.பி.ஐ. தவறாக ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்றது. அது வேறொருவருடையது என்று ஸ்பானியப் பொலிஸார் நிறுவினர். தெளிவற்ற ரேகையிலிருந்து திடமான முடிவு சொல்ல முற்படுவது ஆபத்தானது. அதனால்தான் துலக்கும் வழியைத் தேர்வதில் இத்தனை கவனம் வேண்டும் என்கிறேன்.

நம் தோட்டங்களில் இன்னொன்றையும் கருத வேண்டும். நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் விரல்களில் கோடுகள் தேய்ந்து, சாயமேறி, வெடித்திருக்கும். மேல்தோல் மட்டும் தேய்ந்திருந்தால், சில காலம் வேலைக்கு ஓய்வு கிடைத்ததும் பழைய கோடுகளே மீண்டும் வளரும், ஏனெனில் அவற்றின் அமைப்பு தோலின் ஆழத்தில் இருக்கிறது. கவ்வாத்துக் கத்தி ஆழமாக வெட்டிய தழும்போ நிலைத்துநின்று, தானே ஓர் அடையாளக் கூறாகிவிடும். ஆகவே ஒப்பிடுவதற்காக இத்தகைய கைகளிலிருந்து மாதிரி எடுப்பவர்கள் பெருவிரல் நுனியோடு நிறுத்தாமல், விரலின் கீழ்க் கணுக்களையும் உள்ளங்கையையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். அங்கும் அதே மேட்டுக்கோடுகள் உள்ளன, தேய்மானம் பெரும்பாலும் குறைவு.