லக்கன்பாக்: ஒரு கடைதான் ஊர்

டெக்சஸில் ஃப்ரெடரிக்ஸ்பர்க் போனவர்கள் அப்படியே லக்கன்பாக்கையும் பார்த்துவிடுங்கள். நகராட்சி கிடையாது, ஊர் என்பதே ஒரு பலசரக்குக் கடை, ஒரு நடனக்கூடம், கொஞ்சம் ஓக் மரங்கள். ஜெர்மானியக் குடியேறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகச் சாவடியாகத் தொடங்கியது. தபால் நிலையம் கடைக்குள்ளேயே இருந்ததாம். 1970களின் தொடக்கத்தில் ஹோண்டோ கிரௌச் என்ற பண்ணைக்காரர் கூட்டாளிகளோடு ஊரையே விலைக்கு வாங்கினார். 1977இல் நாட்டுப்புற (கன்ட்ரி) பாடகர் வெய்லன் ஜென்னிங்ஸ் இந்த ஊர்ப் பெயரிலேயே பாடிய பாட்டு வந்தது, அப்புறம் கூட்டத்துக்குக் குறைவில்லை.

கடையின் முன்பக்கம் தொப்பியும் சட்டையும் விற்கிறார்கள். பின்பக்கம் சின்ன பார். நான் பீரோடு மரத்தடிக்கு வந்துவிட்டேன். நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து கிட்டார் வாசிக்க, ஒரு சேவல் என் செருப்பைக் கொத்திப் பார்த்தது. வார நாளில், மதியத்துக்கு மேல் போங்கள்.